பைபர் ஒட்டிய சுவர்

கெங்கம்மாவுக்கு அந்தச் சுவரைப் பார்த்தாலே கால் வலி கூடும். திருவொற்றியூர்க் குப்பத்தில் அவர்கள் வீடு என்பது ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்பக்கம் ஒரு அறை, அவ்வளவுதான். அந்தப் பின்னறையின் கடல் பக்கத்துச் சுவர்தான் வீட்டின் தலைவலி. மற்ற சுவர்களெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவை. இது செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை. வெள்ளையடித்தால் உதிர்க்கும், பட்டி பார்த்தால் பொரியும், சிமென்ட் பூசினால் ஒரு மழைக்குப் பிறகு ஏடு ஏடாகப் பிரிந்து கீழே விழும். தரையிலிருந்து மார்பு உயரம் வரைக்கும் எந்நேரமும் ஓதம். ஓதத்துக்கு மேலே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். யாருக்காவது சந்தேகம் இருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம், கரிக்கும்.

கரிக்காமல் என்ன செய்யும்? கட்டியவர் அவளுடைய மாமனார். வாசலில் கடலை வைத்துக்கொண்டு எவனாவது மணலை விலை கொடுத்து வாங்குவானா என்று கேட்ட மகாராசன். பிள்ளைகளை ஏவிக் கரை மணலை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, நல்ல தண்ணீரில் அலசக்கூட இல்லாமல், அப்படியே குழைத்துக் கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் குப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டினார்கள், கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்தார்கள். கட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உப்பு போகவில்லை.

இத்தனை வருஷமும் கெங்கம்மா அந்தச் சுவரோடு சண்டை போட்டதில்லை. சண்டை போட நேரம் ஏது? காசிமேட்டில் போய் மீன் எடுக்க வேண்டும். எடுத்ததை வகுந்து, குடல் எடுத்து, உப்பு போட வேண்டும். கடல் அரிப்புக்குக் கொட்டிய கல்லுக்கு இந்தப் பக்கம் பழைய வலையை விரித்துக் காயப்போட வேண்டும். காக்கை, நாய், மழை, எண்ணூர் மின்நிலையச் சாம்பல் எல்லாவற்றிடமிருந்தும் காப்பாற்றித் தேரடிப் பக்கம் கொண்டுபோய்க் கருவாடாக விற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் படுத்தால் போதும் என்று இருக்கும். பின்னறையில் பாத்திரம் பண்டம் போட்டிருந்தார்கள். அது பாட்டுக்கு உதிர்ந்தது, இவள் பாட்டுக்குப் பெருக்கித் தள்ளினாள்.

உதயாவுக்குக் கல்யாணம் ஆனபோதுதான் அந்த அறைக்கு வேலை வந்தது.

உதயா ஒரே மகன். மாதவரம் பக்கம் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட பெண் கார்குழலி. வியாசர்பாடிக்காரி, ராயபுரத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை. இவர்கள் வேறு, அவர்கள் வேறு. இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கை வலித்த மாதிரி ஒரு நாள் இறக்கி வைத்தார்கள். கெங்கம்மா மட்டும் முதலிலிருந்தே தூக்கவில்லை. பெண் பிள்ளை இல்லாத வீடு. காலையில் எழுந்தால் ஒருத்தி நாஸ்தா சாப்டீங்களா அத்தை என்று கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்தில் குந்திக்கொண்டு மீன் அலசுகிறாள், லேபில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். கெங்கம்மாவின் வாயில் அந்தப் பெயர் முழுசாக நிற்கவில்லை. குயிலு என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

புதுசு இரண்டுக்கும் பின்னறையைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாக வெள்ளையடித்ததில் சுவர் இரண்டு மாசம் ஒழுங்காக இருந்தது. ஐப்பசியில் மழை பிடித்ததும் தன் புத்தியைக் காட்டிவிட்டது. குழலிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, அதை யாரிடமும் மறைத்ததில்லை. அந்த ஓத வாடையும் உதிர்கிற தூசியும் சேர்ந்து அவளுடைய மூச்சைப் பிடித்துக்கொண்டன. ஒரு வாரம் இருமினாள், பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தாள். டாக்டர் சுவரைப் பற்றிக் கேட்டுவிட்டு, அந்த ரூமில் படுக்கக் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். குழலியின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வியாசர்பாடிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆடிக்குப் பொறந்த வூட்டுக்குப் போவ வேண்டியது ஐப்பசியிலயே பூட்டுதே என்று பக்கத்து வீட்டுப் பூவம்மா குழாயடியில் நின்று அனுதாபப்பட்டாள். அனுதாபத்தில் வெல்லம் கலந்திருந்தது. கெங்கம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மழை விட்டதும் அவளே பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வியாசர்பாடி போனாள். ஹவுசிங் போர்டு வீட்டுப் படியேறி மேலே போவதற்குள் முட்டி இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. குழலி தேறியிருந்தாள். ஆனால் சின்ன வீட்டில் அம்மா, தம்பி, தம்பியின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தாள். உதயா வந்தால் உட்கார இடமில்லாமல் வெராந்தாவில் நின்று பேசிவிட்டுப் போகிறான் என்று அவளுடைய அம்மா சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

"சுவத்த சரி பண்ணிட்டு நானே வந்து உன்ன இட்டுகினு போறேன், குயிலு," என்றாள் கெங்கம்மா.

"ஜல்தியா பண்ணுங்க அத்தை," என்றாள் குழலி. "எனக்கு அங்க இருக்கணும்னுதான் ஆசை. ஆனா இப்படியே ரொம்ப நாள் போனா உதயா வேற ஏதாவது முடிவு எடுத்துடும்."

அதைக் கேட்டதிலிருந்து கெங்கம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேற முடிவு என்றால் தனி வீடு. தனி வீடு என்றால் அவளும் பொன்ராஜும் அந்தச் சுவரும் மட்டும்.

பொன்ராஜ் அவளுடைய புருஷன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடலுக்குப் போனவன். முதுகு இரண்டாம் முறை பிடித்துக்கொண்டபோது, இனிமேல் வலை இழுத்தால் படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கரையில் பைபர் போட்டுகளுக்கு, மீன்பிடிப் படகுகளுக்கு, ஒட்டுப் போடுகிறான். அடிபட்ட இடத்தைத் தேய்த்து, கண்ணாடி நாரில் செய்த பாயை, மேட்டு என்பார்கள், விரித்து, ரெசினைக் கலக்கி மேலே தடவி, காய்ந்ததும் வழுவழுப்பாக்கித் தருவான். நல்ல கைவேலை. ஆனாலும் கடலுக்குப் போகிறவனுடைய நடை அவனிடமிருந்து போய்விட்டிருந்தது. கரையில் குனிந்தபடியே இருந்து இருந்து, வீட்டிலும் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான்.

முதலில் உதயாதான் கெங்கம்மாவைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஹை ரோட்டில் புதிதாகத் திறந்த கடை, உள்ளே போனால் குளிர்கிறது. சுவருக்கு மட்டும் உலகத்தில் இத்தனை சாமான் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பிளாஸ்டிக் பேனல் மட்டும் ஒரு சுவர் நிறைய மாட்டி வைத்திருந்தார்கள். பார்த்தால் தேக்கு, தட்டினால் டொக் டொக் என்கிறது. இன்னொன்று பார்த்தால் பளிங்கு, தூக்கினால் அட்டை. இடுப்பு உயரத்துக்கு ஒட்ட டைல்ஸ், ஓதத்தை அடக்குகிற பெயின்ட், அதற்கு முன்னால் அடிக்கிற இன்னொரு பெயின்ட், அதற்கும் முன்னால் பார்க்கிற பட்டி. கடைக்காரப் பையன் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, எதைப் போட்டாலும் ஆயுசுக்கும் கவலையில்லை என்றான். இத்தனையிலும் கவலையில்லை என்றால் எதற்கு இத்தனை விற்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கால் கடுத்ததால் கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டாள்.

"பேனலுக்குப் பின்னால ஈரம் கீதே, அது இன்னா ஆவும்?"

"பின்னால யாரும்மா பாக்கப் போறாங்க?" என்றான் அவன்.

உதயாவுக்குப் பேனல் பிடித்துப்போனது. ஒரே நாளில் மாட்டிவிடுவார்களாம், அடுத்த நாளே குழலியைக் கூட்டி வந்துவிடலாமாம். போனில் வீடியோ வீடியோவாகக் காட்டினான். எதற்கும் மேஸ்திரியைக் கேட்டுவிடலாம் என்று கெங்கம்மா தள்ளிப்போட்டாள்.

சுப்புராஜ் மேஸ்திரி எண்ணூரிலிருந்து வந்தார். அவசரமே இல்லாத மனுஷர். வந்தவர் சுவரைத் தட்டினார், கரண்டியால் சுரண்டினார், சுரண்டியதை முகர்ந்தார், பிறகு டீ கேட்டார். டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவர் சொன்னது இதுதான். பூச்சு முழுவதையும் உடைத்துச் செங்கல் தெரிய விட வேண்டும். வெயில் காலம் முழுக்கச் சுவர் அம்மணமாகவே நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற உப்பு வெளியே வர வர, நாரால் தேய்த்துப் பெருக்கித் தள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. ஆடி வாக்கில் உப்பு வருவது நிற்கும். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு போட்டுக்கொள்ளலாம், சிமென்ட் ஆகாது.

"ஆடி வரைக்குமா?" என்றான் உதயா.

"அது மூச்சு வுடணும்பா. ஒங்க அவசரத்துக்கு சுவரு காயாது," என்றார் மேஸ்திரி.

அவர் போனதும் வீட்டில் சண்டை. அப்போது தை மாசம்தான் பிறந்திருந்தது. ஆடி வரைக்கும் பெண்டாட்டியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு நான் இங்கே சுவரைப் பெருக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று உதயா கத்தினான். அவன் கத்தியது நியாயம்தான். மேஸ்திரிக்கு என்ன, அவர் சுவரைப் பார்த்தார். இவர்களுக்குச் சுவரா முக்கியம்? பேனலே மாட்டிவிடலாம் என்று கெங்கம்மாவும் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்ட நேரத்தில்தான், அதுவரை ஓரமாக உட்கார்ந்து சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த பொன்ராஜ் வாயைத் திறந்தான்.

பிளாஸ்டிக் அட்டையை மாட்டினால் பின்னால் பல்லியும் பூரானும் குடித்தனம் பண்ணும் என்றான். ஈரம் உள்ளே வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு ஒருத்தனிடமும் போய் நிற்க வேண்டாம் என்றான்.

"நான் பைபர் ஒட்டறேன். போட்டுக்கு ஒட்ற மாதிரியே, ரெண்டு மேட்டு போட்டு. கடலையே உள்ள வுடாத சரக்கு அது. இந்த ஓதம் இன்னா பெருசு?"

உதயா முதலில் சிரித்தான். பிறகு யோசித்தான். அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. போட்டு வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறது, ஒரு சொட்டு உள்ளே வருகிறதா? சுவர் மட்டும் என்ன, அதுவும் ஒரு பலகை மாதிரிதானே? கடலோரத்தில் பிறந்த மூளை இரண்டுக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து கெங்கம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் அப்போது அடுப்படி வாசலில் குந்தி, அன்றைக்கு எடுத்த காரப்பொடி மீனை உப்பில் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. கருவாட்டுக்காரிக்கு வேறு எது தெரியாவிட்டாலும் ஒன்று தெரியும். ஈரம் இருக்கிற மீனைக் கூடையில் போட்டு மூடினால் மூன்றாம் நாள் புழு வைக்கும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், கையை உள்ளே விட்டால் சூடடிக்கும். புதுசாகத் தொழிலுக்கு வந்தபோது அப்படிக் கூடை கூடையாகக் கடலில் கொட்டியிருக்கிறாள். ஈரம் வெளியில் இருந்து வந்தால் அல்லவா பைபர் தடுக்கும், இது சுவருக்குள்ளேயே இருக்கிற ஈரமாயிற்றே, மூடினால் எங்கேய்யா போகும் என்று கேட்க வேண்டியதுதான். கேட்டிருந்தால் பொன்ராஜுக்குப் புரிந்திருக்கும், முட்டாள் இல்லை அவன்.

கேட்கவில்லை. காலையிலிருந்து ஆம்பளைகள் போட்ட கூச்சலில் அவளுக்குத் தலை கிண் என்று இருந்தது. இதைக் கேட்டால் மறுபடியும் ஒரு சண்டை, மறுபடியும் கடை, மறுபடியும் மேஸ்திரி. தாவு தீர்ந்துபோயிருந்தது அவளுக்கு. அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. பொன்ராஜ் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். முதுகு போனதற்குப் பிறகு அவனை அப்படிப் பார்த்ததில்லை. மருமகளுக்கு நம்ம கையால் ஒண்ணு பண்ணித் தரப்போகிறோம் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதில் எப்படி மண்ணைப் போடுவது?

"இன்னாவோ பண்ணுங்க. குயிலு வந்தா சரி," என்றாள்.

பொன்ராஜ் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். உதிர்கிறதையெல்லாம் சுரண்டி எடுத்தான். யாரிடமோ பெரிய காற்றாடி இரவல் வாங்கிவந்து சுவருக்கு நேரே வைத்து ஓடவிட்டான். தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் மேட்டை விரித்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி, தரையிலிருந்து விட்டம் வரைக்கும் ஒரு மூலை விடாமல் ரெசினைத் தடவினான். மேலே வெளிர் நீலம் அடித்தான், போட்டுக்கு அடிக்கிற அதே நீலம். முடிந்தபோது சுவர் பளபள என்று இருந்தது. குப்பத்து ஜனம் வந்து வந்து பார்த்தது. அறையைக் கழற்றிக் கடலில் இறக்கினால் எண்ணூர் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று கேலி செய்தார்கள். பொன்ராஜ் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். ரெசின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கரையில் அந்த நாற்றத்திலேயே நாளெல்லாம் இருக்கிறவனுக்கு அது நாற்றமாகவே தெரியவில்லை. கொஞ்ச நாளில் போய்விடும் என்றான்.

மாசி கடைசியில் நல்ல நாள் பார்த்துக் கெங்கம்மா வியாசர்பாடிக்குப் போனாள். சொன்ன மாதிரியே அவளே போய் அழைத்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்கக் குழலி ஆட்டோவில் பேசிக்கொண்டே வந்தாள். கெங்கம்மா அவளுடைய துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு வஞ்சிரம் வாங்கலாமா, இறால் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

குழலி அறை வாசலில் நின்று பார்த்தாள். சிரித்துவிட்டாள். மெய்யாலுமே போட்டுக்குள்ள வந்த மாதிரி கீது மாமா என்றாள். பொன்ராஜுக்கு வாயெல்லாம் பல். உள்ளே போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினான், இரண்டு மேட்டு போட்ட கதையைச் சொன்னான். குழலியும் உள்ளே போய்த் தடவிப் பார்த்தாள். மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் ஒரு தடவை இருமினாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை இருமினாள். கைப்பையைத் துழாவி மருந்தை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டே வெளியே வந்தவள், கூடத்திலும் நிற்க முடியாமல் தெருவுக்கே போய்விட்டாள்.

கெங்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வேப்பமரத்து நிழலில் போட்டு உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். பக்கத்து வாசலில் பூவம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு சமாதானமாக வெகு நேரம் ஆயிற்று.

"வாடை போயிடும்னு மாமா சொல்றாரு," என்றாள் குழலி. "போயிடும். ஆனா உள்ள ஈரம் அப்படியேதான கீது அத்தை? ஜில்லுனு கீது, கைய வெச்சதும் தெரிஞ்சுது."

கெங்கம்மா அவளுடைய முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கூடைய ஈரத்தோட மூடுனேன்னு என்னை அன்னிக்கு எப்படித் திட்டுனீங்க. இத்த மட்டும் எப்படி மூட வுட்டீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் கெங்கம்மாவுக்கு அது அவ்வளவு உறைத்தது. எனக்குத் தெரியும்டி, தெரிஞ்சுதான் வாயை மூடிக்கினேன், அசதியா இருந்துச்சு என்று சொல்லலாமா? சொன்னால் இந்தப் பெண் என்ன நினைப்பாள்? அசதி எல்லோருக்கும்தான் இருக்கிறது. இவளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே ஊசி குத்துகிறவள்தான். கெங்கம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். வாங்கி வைத்த இறாலைச் சமைக்கக்கூட இல்லை. வெயில் தாழ்வதற்குள் உதயா வந்து குழலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வியாசர்பாடியில் விட்டுவிட்டு வந்தான். வந்தவன் அப்பாவிடமும் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஊதுவத்தி கொளுத்தினார்கள், பக்கெட்டில் கரியைப் போட்டு வைத்தார்கள், யாரோ சொன்னார்கள் என்று வெங்காயத்தை நறுக்கிப் பரப்பினார்கள். பங்குனி பாதியில் வாடை குறைந்தது. ஆனால் அதற்குள் பைபர் வயிறு தள்ள ஆரம்பித்திருந்தது. முதலில் ஒரு இடத்தில் உள்ளங்கை அளவு உப்பியது, பிறகு பக்கத்திலேயே இன்னொன்று. அடைபட்ட ஈரம் சும்மா இருக்குமா? மேலே ஏறி விட்டத்துக்குப் பக்கத்தில் கறையாக இறங்கியது, பக்கவாட்டில் போய், அதுவரை வாயைத் திறக்காத கூடத்துச் சுவரில் உப்பாகப் பூத்தது. ஒரு சுவருக்கு இருந்த வியாதி இரண்டு சுவருக்கு ஆயிற்று.

உதயா அதைப் பார்த்தான். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கெங்கம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சித்திரை பிறந்த கையோடு, யார்டுக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். மாடி வீடு, காற்றோட்டமாக இருக்கிறது, குழலிக்கும் பஸ் வசதி என்றான். கெங்கம்மா தலையை ஆட்டினாள். பால் காய்ச்சப் போனபோது குழலி அவளைக் கட்டிக்கொண்டாள், சுவரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நல்ல பெண். அந்த வீட்டுச் சுவர்களைக் கெங்கம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து, வெதுவெதுப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர்கள் குடிபோன மறுநாள் பொன்ராஜ் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனான். முதுகு கெட்டுப்போகும், ஆளை வைத்துச் செய்யலாம் என்று அவள் சொன்னதற்கு, நான் ஒட்டுனத நான்தான் பேத்தெடுக்கணும் என்றான். நன்றாக ஒட்டியிருந்த இடங்களில் அவனுடைய கைவேலையே அவனோடு மல்லுக்கு நின்றது. உப்பிய இடங்களில் ஒரு தட்டு தட்டியதும் பைபர் பாளமாக விலகி, பின்னால் இருந்து தண்ணீர் வழிந்தது. பழைய பூச்சு கூழாகி, செத்த மீன் நாற்றம் அடித்தது. கெங்கம்மா கூடையை வைத்துக்கொண்டு அள்ளினாள்.

"நீ அன்னிக்கே எதுனா சொல்லிருக்கலாம்," என்றான் பொன்ராஜ், திரும்பிப் பார்க்காமல். "உனுக்குத் தெரியாதா இன்னா."

"தெரியும்," என்றாள் கெங்கம்மா.

அவன் சுத்தியைக் கீழே வைத்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள், அவன் கேட்கவில்லை. மறுபடியும் சுத்தியை எடுத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் நிமிர்ந்து நின்ற மாதிரி நிற்பதை அவள் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

வெயில் காலம் முழுக்கச் சுவர் அம்மணமாக நின்றது. மேஸ்திரி சொன்ன வேலையை யாரும் சொல்லாமலே கெங்கம்மா செய்தாள். காலையில் மீனைக் காயப்போட்டுவிட்டு வந்து பின்னறை ஜன்னலைத் திறப்பாள். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு செங்கல்லில் பூத்த உப்பைத் தேய்ப்பாள், முறத்தில் வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாள். முதலில் முறம் முறமாக வந்தது, வைகாசியில் கைப்பிடி அளவாயிற்று. ஆனியில் தூசு மாதிரி ஒட்டியது. இப்போது அவசரமே இல்லை. எந்தப் பெண்ணும் எந்த வீட்டிலும் ஒண்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. சுவர் தன் இஷ்டத்துக்கு நிதானமாகக் காய்ந்தது.

ஆடி முதல் வெள்ளியன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்து நாரால் தேய்த்தாள். ஒன்றும் வரவில்லை. உள்ளங்கையை விரித்துச் செங்கல்மேல் வைத்தாள், ஈரமில்லை. இன்னொரு இடத்தில் வைத்தாள், அங்கேயும் இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சுவரைக் காய்ந்து அவள் பார்த்ததே இல்லை. உடனே போனை எடுத்துக் குழலியைக் கூப்பிட்டாள்.

"குயிலு, சுவரு காஞ்சிடுச்சி."

"மெய்யாலுமா அத்தை? ஒரு பொட்டு ஈரம் கூட இல்லயா?" குழலிக்கு நிஜமாகவே சந்தோஷம், குரலிலேயே தெரிந்தது. மாமாகிட்ட சொன்னீங்களா, உப்பு சுத்தமா நின்னுடுச்சா, மேல இன்னா பூசப் போறீங்க என்று வரிசையாகக் கேட்டாள். கெங்கம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இனி நாங்க திரும்பி வந்துடட்டுமா என்று அவளே கேட்கட்டும் என்று காத்திருந்தாள். போனில் பின்னால் குக்கர் விசில் அடித்தது, உதயா என்னவோ கேட்டான், குழலி அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

"பொங்கலுக்கு வரோம் அத்தை," என்றாள். "ரெண்டு நாள் தங்கற மாதிரியே வரோம்."

"வாம்மா," என்றாள் கெங்கம்மா.

பொன்ராஜ் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பொங்கலுக்கு வருகிறார்களாம், இரண்டு நாள் தங்குவார்களாம் என்று அவள் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அப்படியென்றால் பூச்சை இப்போது போடுவதா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைப்பதா என்று கடைசியில் கேட்டான்.

"இப்பவே மேஸ்திரியக் கூப்புடு. விருந்தாளி வந்து தங்கற ரூமு, நல்லா பூசச் சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்குத் தைத்தது. பெற்ற பிள்ளையும் மருமகளும் விருந்தாளி. அதை வேறு யாரும் சொல்லவில்லை, அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பொன்ராஜ் கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மேஸ்திரியைப் பார்க்க எண்ணூருக்கு பஸ் ஏறப் போனான்.